கொடுப்பவர் யார் என்று கேளுங்கள்: விசை, இயக்கம், ஈர்ப்பு மூன்றையும் வீட்டில் செய்து கற்கும் முறை

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காகவும், மாலை நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து படிக்க வைக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. "விசை என்பது தள்ளுதல் அல்லது இழுத்தல்" என்பதை எந்தப் பிள்ளையும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடும். ஆனால் தரையில் உருண்டு போகும் கோலியைக் காட்டி, "இப்போது இதன்மேல் என்னென்ன விசைகள் இருக்கின்றன?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து தவறான விடை சொல்லும். "முன்னால் போகிறதே டீச்சர், அதனால் முன்னோக்கி ஒரு விசை இருக்கிறது." இந்த ஓர் எண்ணம் மாறாதவரை நியூட்டனின் மூன்று விதிகளையும் மனப்பாடம் செய்து பயனில்லை. மாற்றுவதற்கு நான் கண்ட வழி, விசையைப் படமாக வரைவதும், வரைவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பதும்தான்.

தேவையான பொருள்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். ஒரு கோலி, முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் இரண்டு, தையல் நூல், கொஞ்சம் உறுதியான சணல் அல்லது டுவைன் நூல், ஒரு பூட்டு, அரை கிலோ எடையில் ஒரு கல், ஒரு பலூன், குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில், ஒரு தடிமனான புத்தகம், நேரம் பார்க்கக் கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச். இவற்றோடு ஒரு நோட்டும் பென்சிலும் கட்டாயம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் செய்து பார்த்தால், முடிவு தெரிந்ததும் "நான் அப்போதே நினைத்தேன்" என்று மனம் சொல்லிவிடும். எதையும் கற்றிருக்க மாட்டோம்.

அம்புக்குறி வரைதல்

நோட்டில் ஒரு செவ்வகம் வரையுங்கள். அது மேசைமேல் இருக்கும் புத்தகம். அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்து, பக்கத்தில் "பூமி இழுக்கிறது" என்று எழுதுங்கள். அடுத்து மேல்நோக்கி அதே நீளத்தில் இன்னொன்று. பக்கத்தில் "மேசை தாங்குகிறது". அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அது விசையின் திசை. எவ்வளவு நீளமோ அது விசையின் அளவு. இரண்டும் சம நீளம், எதிரெதிர்த் திசை. ஆகவே அவை ஒன்றையொன்று சமன் செய்கின்றன. புத்தகம் அசையாமல் இருக்கிறது.

மேசை எப்படி மேல்நோக்கித் தள்ளும் என்று சில பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். நியாயமான சந்தேகம். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலைப் பாலம்போல் வைத்து, அதன்மேல் பூட்டை வையுங்கள். ஸ்கேல் வளைந்து தாங்கும். விரலால் அழுத்தினால் அது திருப்பித் தள்ளுவதை உணரலாம். மேசைப் பலகையும் இப்படித்தான் வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில்.

இப்போது விதி. ஒவ்வோர் அம்புக்குறிக்கும் அந்த விசையைக் கொடுப்பவர் யார் என்று பெயர் எழுத வேண்டும். கொடுப்பவர் ஒரு பொருளாக இருக்க வேண்டும்: பூமி, மேசை, கை, நூல், காற்று, தரை, காந்தம். பூமியும் காந்தமும் தொடாமலே விசை கொடுக்கும். மற்றவை தொட்டால்தான் கொடுக்கும். பெயர் எழுத முடியவில்லை என்றால் அப்படியொரு விசையே இல்லை, அம்புக்குறியை அழித்துவிடுங்கள். "வேகம்" என்பது கொடுப்பவர் ஆகாது. "தள்ளிய வேகம் உள்ளே இருக்கிறது" என்பதும் ஆகாது.

உருளும் கோலி ஏன் நிற்கிறது?

நடுவில் பள்ளம் உள்ள ஒரு ஸ்கேலை எடுத்து, ஒரு முனையைப் புத்தகத்தின்மேல் சாய்த்து வையுங்கள். பள்ளம் இல்லாவிட்டால் இரண்டு ஸ்கேல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இடைவெளியில் கோலியை விடலாம். மேல் முனையிலிருந்து கோலியைத் தள்ளாமல், வெறுமனே விடுங்கள். அது தரையில் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். முதலில் சாக்கு விரித்த தரையில், பிறகு கோரைப்பாயில், அதன் பிறகு வழவழப்பான சிமென்ட் தரையில் அல்லது டைல்ஸில். புத்தகத்தின் உயரத்தை மட்டும் மாற்றக் கூடாது. உயரம் மாறாததால் கோலி ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தரைக்கு வருகிறது.

சாக்கில் சீக்கிரம் நின்றுவிடும். பாயில் இன்னும் கொஞ்சம் போகும். டைல்ஸில் அறையின் மறுகோடி வரை போய்ச் சுவரில் இடிக்கும். இப்போது கேளுங்கள்: தரை இதைவிட வழவழப்பாக இருந்தால்? இன்னும் வழவழப்பாக? உராய்வே இல்லாத தரையாக இருந்தால் கோலி எங்கே நிற்கும்?

நிற்காது. இத்தாலியில் கலிலியோ (1564-1642) சாய்தளங்களில் உருண்டைகளை உருட்டிப் பார்த்து, இதே வழியில் யோசித்துத்தான் இந்த இடத்துக்கு வந்தார். அதற்கு முன் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக, தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தையே ஐரோப்பிய அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்றிருந்தார்கள். ஆகவே வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால் நான் கடிந்துகொள்வதில்லை. மாட்டுவண்டியையும் சைக்கிளையும் பார்த்து வளர்கிற யாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும்.

இனி டைல்ஸில் உருளும் கோலிக்குப் படம் போடுங்கள். கீழே: பூமி. மேலே: தரை. பின்னோக்கி: தரையின் உராய்வு, கொஞ்சம் காற்று. முன்னோக்கி? கொடுப்பவர் யார்? ஸ்கேலை விட்டு வந்தாயிற்று. கை தொடவே இல்லை. ஒருவரும் இல்லை. முன்னோக்கிய அம்புக்குறி இல்லாமலே கோலி முன்னால் போகிறது. இதுதான் 1687இல் நியூட்டன் தம் நூலில் வைத்த முதல் விதி: வெளியிலிருந்து சமன் செய்யப்படாத விசை ஒன்று செயல்படாதவரை, நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும், போகும் பொருள் நேர்கோட்டில் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். விசையின் வேலை இயக்கத்தை மாற்றுவது. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், திசையைத் திருப்பலாம்.

இதே கேள்வியை மேலே எறிந்த பந்துக்கும் கேளுங்கள். கையை விட்டுப் பந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. மேல்நோக்கி அம்புக்குறி உண்டா? கை விட்டுவிட்டது, கொடுப்பவர் இல்லை. ஏறும்போதும், உச்சியில் கணநேரம் நிற்கும்போதும், இறங்கும்போதும் கீழ்நோக்கிய பூமியின் இழுப்பு மட்டும்தான். காற்றின் தடை சிறிது. உச்சியில் "விசை சுழி" என்று எழுதுகிற பிள்ளைகள் பலர். சுழியாக இருப்பது வேகம். விசையும் சுழியானால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிட வேண்டுமே?

பஸ்ஸும் தையல் நூலும்

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது ஓட்டுநர் பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம். முன்னால் தள்ளியது யார்? பின்னால் நிற்பவர் தள்ளவில்லை. பஸ்ஸின் வேகத்தை பிரேக் குறைத்தது; உராய்வினால் உங்கள் கால்களின் வேகத்தைப் பஸ்ஸின் தரை குறைத்தது; உடம்பின் மேற்பகுதியோ பழைய வேகத்திலேயே போனது. இதைத்தான் நிலைமம் என்கிறோம்.

நிலைமத்தைக் காட்ட டம்ளர்மேல் அட்டை, அட்டைமேல் நாணயம் வைத்துச் சுண்டுவது வழக்கம். அதைச் செய்யுங்கள், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது நூல் சோதனை. அரை கிலோ கல்லைத் தையல் நூலில் கட்டி, ஜன்னல் கம்பியிலோ கொடிக்கம்பியிலோ தொங்கவிடுங்கள். கல்லின் அடியில் அதே நூலில் இன்னொரு துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் கல்லைத் தாங்காவிட்டால் மேலும் கீழும் இரட்டையாக்கிக்கொள்ளுங்கள். கல்லுக்கு நேர் கீழே ஒரு தலையணையைப் போட்டு, காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்போது கீழ் நூலை இழுக்கப் போகிறீர்கள். எந்த நூல் அறும்? எழுதுங்கள். மெதுவாக, சிறுகச் சிறுக இழுத்தால் மேல் நூல் அறும், கல் விழும். மீண்டும் கட்டி, வெடுக்கென்று இழுத்தால் கீழ் நூல் அறும், கல் அப்படியே தொங்கும்! வகுப்பில் இந்த நொடியில் எழுகிற சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்கும்.

படம் போட்டால் காரணம் தெரியும். மெதுவாக இழுக்கும்போது மேல் நூல் இரண்டு சுமைகளைத் தாங்குகிறது: கல்லின் எடை, உங்கள் இழுப்பு. கீழ் நூலுக்கு உங்கள் இழுப்பு மட்டும். ஆகவே மேல் நூல் முதலில் தோற்கிறது. வெடுக்கென்று இழுக்கும்போது, மேல் நூல் நீண்டு இறுக வேண்டுமானால் கல் கொஞ்சமாவது கீழே நகர வேண்டும். கல்லின் நிலைமம் அதற்கு நேரம் கேட்கிறது. அதற்குள் கீழ் நூல் அறுந்துவிடுகிறது.

இரண்டாம் விதிக்கு அதிகம் சொல்ல மாட்டேன். அதைப் பள்ளிப் புத்தகம் நன்றாகவே சொல்கிறது. விசை = நிறை × முடுக்கம். ஒரு கிலோ நிறையின் வேகத்தை ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டுகிற விசை ஒரு நியூட்டன். நூறு கிராம் கொய்யாக்காய் ஒன்றை உள்ளங்கையில் வைத்தால் கையில் உணர்கிற அழுத்தம் ஏறக்குறைய ஒரு நியூட்டன். கணக்குப் போடும்போது கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறக்காதீர்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

வினையும் எதிர்வினையும் ஒரே பொருளின்மேல் இருக்காது

மூன்றாம் விதியில் எல்லாரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்றால், இரண்டும் சேர்ந்து சுழியாகிவிடாதா, பிறகு எதுதான் நகரும்? கொடுப்பவர் பெயரோடு பெறுபவர் பெயரையும் எழுதினால் குழப்பம் போய்விடும். பூமி புத்தகத்தை இழுக்கிறது. இதன் இணை: புத்தகம் பூமியை இழுக்கிறது. பெயர்கள் இடம் மாறின, அவ்வளவுதான். ஒன்று புத்தகத்தின்மேல் செயல்படுகிறது, மற்றது பூமியின்மேல். வெவ்வேறு பொருள்களின்மேல் இருக்கும் விசைகள் எப்படி ஒன்றையொன்று அழிக்கும்? புத்தகத்தை மேசை தாங்குகிற விசை, பூமி இழுக்கிற விசைக்கு இணை அன்று. அவை இரண்டும் ஒரே புத்தகத்தின்மேல் இருக்கின்றன.

செய்து பார்க்க: உறிஞ்சுகுழல் ஒன்றில் நூலைக் கோத்து, அறையின் இரு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். ஊதிய பலூனை முடிச்சுப் போடாமல் பிடித்துக்கொண்டு, குழலில் டேப்பால் ஒட்டி, வாயை விடுங்கள். பலூன் காற்றைப் பின்னால் தள்ளுகிறது. காற்று பலூனை முன்னால் தள்ளுகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் இறங்கியது இந்த விதியை நம்பித்தான். நிலவில் காற்று மண்டலம் இல்லை. பாராசூட் விரித்தாலும் அதைத் தாங்க ஒன்றுமில்லை. ஆகவே எஞ்சின்கள் வாயுவை வெளியே தள்ள, வாயு கலத்தை எதிர்ப்பக்கம் தள்ள, வேகம் குறைந்து குறைந்து மெல்ல இறங்கியது.

எது முதலில் விழும்?

ஒரு கையில் தடிமனான புத்தகம், மறு கையில் ஒரு தாள். ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். புத்தகம் முதலில் விழும். எல்லாரும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். இப்போது தாளைக் கசக்கி உருண்டையாக்கி விடுங்கள். ஏறக்குறைய சேர்ந்தே விழும். தாளின் எடை மாறவில்லை. காற்றுக்குக் காட்டிய பரப்பு மாறியது. மூன்றாவதாக, புத்தகத்தைவிடச் சிறிய ஒரு தாளைப் புத்தகத்தின் மேலேயே, ஓரம் வெளியே நீட்டாமல் வைத்து, புத்தகத்தை மட்டும் கிடையாக விடுங்கள். தாள் புத்தகத்தோடு ஒட்டியதுபோல் இறங்கும். காற்றைப் புத்தகம் விலக்கிவிட்டது. தாளுக்குத் தடை இல்லை.

1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு, ஒரு கையிலிருந்து சுத்தியலையும் மறு கையிலிருந்து வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அந்தக் காட்சியின் படப்பதிவு இணையத்தில் இருக்கிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

ஏன் இப்படி? இரண்டு கிலோ கல்லைப் பூமி 19.6 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. ஒரு கிலோ கல்லை 9.8 நியூட்டன். பெரிய கல்லுக்கு இழுப்பு இருமடங்கு. ஆனால் அதன் நிலைமமும் இருமடங்கு, அதை நகர்த்துவதும் இருமடங்கு கடினம். வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முடுக்கம், 9.8. அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் கூடுகிறது. முதல் வினாடியில் 4.9 மீட்டர் இறங்கும். இரண்டு வினாடி முடியும்போது மொத்தம் 19.6 மீட்டர்.

இதை வைத்து உங்கள் கை எவ்வளவு வேகமாகச் செயல்படுகிறது என்று அளக்கலாம். நண்பர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். சுழி குறிக்கு நேராக உங்கள் விரல்கள் திறந்திருக்கட்டும். சொல்லாமல் அவர் விடும்போது பிடியுங்கள். 10 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.14 வினாடி, 20இல் 0.20, 30இல் 0.25. தூரம் மும்மடங்கானாலும் நேரம் இருமடங்குகூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள்: ஸ்கேல் வேகம் எடுத்துக்கொண்டே விழுகிறது.

நிறை வேறு, எடை வேறு. 40 கிலோ நிறையுள்ள பிள்ளை நிலவுக்குப் போனாலும் 40 கிலோதான். எடை என்பது இழுக்கப்படும் விசை; பூமியில் 392 நியூட்டன், நிலவில் சுமார் 65 நியூட்டன். விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதைப் பார்த்து, அங்கே ஈர்ப்பே இல்லை என்று நினைக்காதீர்கள். நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டு, நீர் நிரப்பி, மூடியைக் கழற்றிப் பிடியுங்கள். நீர் பீறிடும். அப்படியே கையை விடுங்கள் (வாசலில் வைத்து). விழும் நேரத்தில் நீர் வெளியே வராது. பாட்டிலும் நீரும் ஒரே முடுக்கத்தில் விழுவதால் நீர் பாட்டிலை அழுத்தவில்லை. விண்வெளி நிலையமும் உள்ளே இருப்பவர்களும் அப்படிச் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டில் வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான வேகம் இருப்பதால் தரையில் மோதாமல் பூமியைச் சுற்றி வருகிறார்கள்.

பூமியின் இழுப்பை நூலால் அளத்தல்

9.8 என்ற எண்ணைப் புத்தகம் சொன்னதால் நம்ப வேண்டாம். உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கண்டுபிடிக்கலாம். 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரீசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோனார். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள அந்த ஊரில் அது நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஈர்ப்பு எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை என்பதற்கு ஊசல் கொடுத்த முதல் சாட்சி அது. 1821இல் நம் சென்னை வானாய்வு நிலையத்தில் ஜான் கோல்டிங்காம் ஊசலை ஆடவிட்டுச் சென்னையின் ஈர்ப்பை அளந்தார். சென்னையில் அதன் மதிப்பு ஏறக்குறைய 9.78, துருவங்களில் 9.83.

பூட்டை உறுதியான நூலில் கட்டி, அசையாத ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை சரியாக ஒரு மீட்டர் இருக்கட்டும். கட்டிய பிறகு அளக்க வேண்டும். முடிச்சு நீளத்தைக் குறைத்துவிடும். ஒரு சாண் மட்டும் பக்கவாட்டில் இழுத்து, தள்ளாமல் விடுங்கள். போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு. 20 அலைவுகளுக்கான நேரத்தை எடுத்து 20ஆல் வகுங்கள். சூத்திரம்: 39.5ஐ நூலின் நீளத்தால் (மீட்டரில்) பெருக்கி, ஓர் அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 20 அலைவுகளுக்கு 40.2 வினாடி வந்தால், ஓர் அலைவு 2.01 வினாடி; விடை 9.78.

பூட்டுக்குப் பதில் சிறிய நட்டு ஒன்றைக் கட்டினால் நேரம் மாறுமா? நூலைக் கால் மீட்டராக்கினால்? முதலில் எழுதுங்கள், பிறகு ஆடவிடுங்கள். நட்டின் நடுப்பகுதி வரை அதே ஒரு மீட்டர் வைத்தால் முதலாவதில் நேரம் மாறாது, இரண்டாவதில் பாதியாகும்.

விடை 10.8க்கு அருகில் வந்தால், பூட்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறீர்கள். பத்தொன்பது அலைவுகளை இருபது என்று எடுத்துவிட்டீர்கள். விடும்போது "சுழி" என்று சொல்லித் தொடங்குங்கள். 10.1 போல வந்தால் நூலை மீண்டும் அளங்கள். பூட்டின் நடுவுக்குப் பதில் அடி வரை அளந்திருக்கலாம். 3 சென்டிமீட்டர் பிழை விடையில் 0.3 வரை மாற்றிவிடும். நோட்டில் விடையை மட்டும் எழுதி மூடிவிடாமல் நீளம், அலைவுகளின் எண்ணிக்கை, மொத்த நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். வகுப்பில் இன்னொருவர் அந்த எண்களைக் கொண்டு உங்கள் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்க முடிய வேண்டும்.